தோட்டத்துக் கேள்விகள்: ஆடி வந்துவிடும், மழை எப்போது வரும்?

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் பத்து சென்ட் செம்மண்ணில் காய்கறி போடும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் பஸ் ஏறிவிடுவார். தோட்டத்தை வாசகியும் அவருடைய மாமியாரும்தான் பார்க்கிறார்கள். வீட்டுத் தேவை போக மிஞ்சும் காயை வாரச் சந்தையில் கூடை வைத்து விற்கிறார்கள். அந்தக் காசில்தான் மளிகைக் கடை பாக்கி அடைகிறது.

2024 சித்திரையில் தொடங்கி எட்டு மாதத்துக்குள் அந்தப் பத்து சென்ட் மூன்று முறை கைவிட்டுப் போயிருக்கிறது. சித்திரையில் தக்காளி நன்றாக வளர்ந்து, நன்றாகப் பூத்து, பூ முழுக்கக் காம்போடு உதிர்ந்தது. ஆடிப்பெருக்கு அன்று வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினார்கள். முந்தின நாள் மாலை பெய்த மழையை நம்பி ஊன்றியது. முளைத்தது, பிறகு பதினைந்து நாள் வானம் திறக்கவில்லை, அதே நேரத்தில் போர் மோட்டாரும் ரிப்பேர். மூன்றாவது முறை நர்சரியில் ஆயிரம் நாற்று வாங்கி, தக்காளியும் மிளகாயுமாக ஐப்பசிக் கடைசியில் நட்டார்கள். பதினாறாம் நாள் ஃபெஞ்சல் புயல் மழை. அதற்குப் பிறகு தோட்டத்தின் பாதிக்கு மேல் தரிசாகத்தான் கிடக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேள்வி வருகிறது. நாள் தவறி விதைத்ததால்தான் எல்லாம் போனது, ஆடி முதல் வாரத்திலேயே ஊன்றியிருக்க வேண்டும் என்பது மாமியாரின் முடிவு. எல்லா சீசனுக்கும் தாங்கும் வீரிய ரகத் தக்காளி இருக்கிறது, அதைப் போடுங்கள் என்கிறார் நாற்று விற்பவர். பத்து சென்டிலும் மாங்கன்று வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போ, நிம்மதி என்கிறார் கணவர். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

முதலில் மாங்கன்று

பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். பழைய முறைப்படி 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டால் நான்கு மரம் நிற்கும். அடர் நடவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் பதினாறு. ஒட்டுக்கன்று என்றாலும் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்க்கத் தொடங்கும். அதுவரை மளிகைக் கடைக்காரர் பொறுப்பாரா என்பதை வாசகியே சொல்லட்டும். மா ஒன்றும் வானிலைக்கு அப்பாற்பட்ட பயிரும் அல்ல. பூக்கிற சமயத்தில் மூட்டமும் மழையும் வந்தால் பூ கருகும், காய்ப் பருவத்தில் காற்றடித்தால் பிஞ்சு கொட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. மூலையில் ஒரு மரம் வைக்கலாம். முழுத் தோட்டத்தையும் அதற்குக் கொடுப்பது இந்த வீட்டின் நிலைமைக்குப் பொருந்தாது.

மாமியார் சொன்னது பொய்யல்ல

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மானாவாரிக் காடுகளில் அர்த்தத்தோடு வாழ்ந்த சொல். அந்தக் காடுகளில் ஆடியில் போட்டது கேழ்வரகு, துவரை, அவரை, மொச்சை. ஆவணியிலும் புரட்டாசியிலும் இந்தப் பக்கம் மாலை நேரத்து இடிமழை வரும். அதில் பயிர் வேர் பிடித்து நிமிரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசித் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அந்த மழை வரும்போது பயிர் அடித்து விழாத வயதில் இருக்கும். இடையில் பத்து நாள் மழை தள்ளிப் போனாலும் கேழ்வரகு வாடிப் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, ஆடிப்பட்டம் என்பது ஐப்பசியின் பெருமழையிலிருந்து பின்னோக்கி எண்ணிய கணக்கு. பயிருக்கு இத்தனை நாள் வேர் பிடிக்க வேண்டும், இத்தனை நாள் காய்க்க வேண்டும், ஆகவே இந்த நாளுக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. மாமியார் அந்தக் கணக்கைத் தேதியாக நினைவில் வைத்திருக்கிறார். மருமகள் வெண்டையும் நர்சரித் தக்காளியும் போடுகிறார். வெண்டைக்குக் கேழ்வரகின் பொறுமை கிடையாது. தக்காளிக்குச் சுத்தமாகக் கிடையாது. சொல் அப்படியே இருக்கிறது, பயிர் மாறிவிட்டது. இதில் மாமியார் மீதும் குற்றமில்லை, மருமகள் மீதும் இல்லை.

மழையின் நடத்தையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1-க்குப் பதில் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தமிழ்நாட்டின் ஓராண்டு சராசரி மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு காரணம்

வாசகி மூன்று தோல்வியையும் ஒரே வரியில் "வானம் ஏமாற்றியது" என்று எழுதியிருக்கிறார். மூன்றும் ஒன்றல்ல. பிரித்துப் பார்த்தால்தான் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பது தெரியும்.

சித்திரைத் தக்காளி பூ உதிர்த்ததற்கு நோயும் காரணமில்லை, உரக் குறையும் காரணமில்லை. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ கருத்தரிக்காது, உதிர்ந்துவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் சேலம், ஈரோடு, கரூர் என்று வட்டாரம் முழுக்க 40 டிகிரிக்கு மேல் அடித்த வெயில் நினைவிருக்கும். அந்த வெயிலில் எந்த டானிக் அடித்தும் தக்காளியைக் காய்க்க வைத்திருக்க முடியாது. எல்லா சீசனுக்கும் தாங்கும் ரகம் என்று விற்பவர் சொன்னால், சித்திரையில் அவருடைய சொந்தத் தோட்டத்தில் காய்த்ததைக் காட்டச் சொல்லுங்கள். சில ரகங்கள் மற்றவற்றைவிடச் சூட்டை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. அதற்கு மேல் சொல்வதெல்லாம் வியாபாரம்.

இதற்குத் தீர்வு பயிர் மாற்றம்தான். சித்திரை வெயிலில் கொத்தவரை காய்க்கும், தட்டைக்காய் காய்க்கும், தண்ணீர் இருந்தால் வெண்டையும் கத்தரியும் தாக்குப்பிடிக்கும். தக்காளி பூக்கவேண்டிய காலம் தையும் மாசியும். அப்போது இரவுக் குளிர் இருக்கிறது, பெருமழை ஓய்ந்திருக்கிறது. அதற்குக் கார்த்திகைத் தொடக்கத்தில் குழித்தட்டில் விதை போட வேண்டும், 25 நாள் நாற்றை மார்கழியில் நட வேண்டும். பங்குனிக் கடைசியில் அறுவடை முடிந்துவிடும்.

ஆடிப்பெருக்கில் போட்டது போனதற்கு இரண்டு தவறு. ஒன்று, எவ்வளவு பெய்தது என்று தெரியாமல் ஊன்றியது. தரை நனைந்திருந்தது, அவ்வளவுதான். விரற்கடை ஆழத்துக்குக் கீழே மண் காய்ந்து கிடந்திருக்கும். விதை முளைக்க அந்த ஈரம் போதும், முளைத்தது பிழைக்கப் போதாது. இன்னொன்று, பத்து சென்டையும் ஒரே நாளில் ஊன்றியது. மோட்டார் ரிப்பேர் ஆகும் என்று யாருக்கும் தெரியாதுதான். ஆனால் மூன்று சென்ட் மட்டும் ஊன்றியிருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் சுமந்தாவது பாதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

மூன்றாவது இழப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், மெதுவாக உள்மாவட்டங்கள் பக்கம் நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்த மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் இது. பத்து சென்ட் மீது 50 செ.மீ. மழை என்றால் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். மேட்டுப்பாத்தி போட்டிருந்தாலும், வாய்க்கால் வெட்டியிருந்தாலும், பதினாறு நாள் தக்காளி நாற்று அதில் பிழைத்திருக்காது. அதற்காக வாசகி தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கம் அடிக்கடி வருவது எட்டு, பத்து, பன்னிரண்டு செ.மீ. மழை. அதிலிருந்து தோட்டத்தைக் காப்பாற்ற முடியும். ஏற்பாடு அதற்குத்தான்.

ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும்

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, சுவர் நேராக இருக்கும் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளவும். அடி குறுகி வாய் விரிந்தது உதவாது, அளவு தப்பாகக் காட்டும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி நட்டு வைத்து, தினம் காலை எட்டரைக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து காலண்டரில் எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறை கணக்கெடுப்பதும் காலை எட்டரைக்குத்தான்.

டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். வெயில் காலத்தில் வளர்ந்த காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. தேவை. அதாவது சென்டுக்கு 200 லிட்டர். 3 மி.மீ. தூறலைப் பார்த்துவிட்டு "மழை பெய்துவிட்டது" என்று தண்ணீர் கட்டாமல் விடுவதும், 20 மி.மீ. பெய்த மறுநாள் வழக்கம்போல மோட்டார் போடுவதும் இந்த அளவு கையில் இல்லாததால் நடப்பவை.

விதைக்க எவ்வளவு வேண்டும்? இரண்டு மூன்று நாளில் சேர்ந்து 25 மி.மீ. வரட்டும். அப்போதும் டப்பாவை மட்டும் நம்ப வேண்டாம். களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடி மண்ணை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கவும். பிடித்தால் உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். மாமியாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஆடி பிறந்தும் பதம் வராவிட்டால் காத்திருக்கலாம். எவ்வளவு நாள்? வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் காய் தரும். ஆவணி பாதியில் ஊன்றினால் புரட்டாசிக் கடைசியில்தான் முதல் காய், அதோடு பெருமழை. ஆகவே போரில் தண்ணீர் இருந்தால் ஆடிக் கடைசிக்கு மேல் மழைக்காகக் காத்திருக்காமல் தண்ணீர் கட்டி ஊன்றிவிடுவது மேல். தண்ணீரும் இல்லை, ஆவணியும் பாதி போய்விட்டது என்றால் அந்த இடத்தில் கொள்ளோ தட்டைப்பயறோ போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அடுத்த தக்காளிக்கு மண்ணாவது வளமாகும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிவிப்பு செவ்வாய், வெள்ளி இரு நாளும் மாவட்டவாரியாக வருகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். அடுத்த ஐந்து நாளுக்கான கணிப்பு அது. நாளை ஊன்றலாமா, இன்று மருந்து அடிக்கலாமா, தண்ணீர் கட்டலாமா என்ற மூன்றுக்கும் உதவும். பட்டம் முழுக்க எப்படி இருக்கும் என்பதை அதில் தேட வேண்டாம்.

பத்து சென்டைப் பிரிப்பது

மூன்று மூன்று சென்டாக மூன்று பங்கு. மீதி ஒரு சென்ட் நாற்றுக்கும் கீரைக்கும் ஒரு குழிக்கும்.

முதல் பங்கில் ஆடியில் பதம் வந்ததும் வெண்டை, கொத்தவரை. இரண்டாம் பங்கில் கத்தரியும் மிளகாயும். இவற்றின் நாற்று இப்போதே, ஆனியிலேயே தட்டில் இருக்க வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 முதல் 45 நாள் நாற்று வேண்டும். ஆடிக் கடைசி, ஆவணி முதலில் நட்டால் ஐப்பசி மழைக்குள் இரண்டு மாதம் வேர் பிடித்திருக்கும். மூன்றாம் பங்கைக் கார்த்திகை வரை காலியாக வைக்கவும். காலி என்றால் வெறும் மண்ணாக அல்ல, தட்டைப்பயறோ சணப்பையோ தூவி, பூக்கும்போது மடக்கி உழுது விடவும். மார்கழித் தக்காளி அங்கேதான் வரப்போகிறது. பத்து சென்டில் மூன்று சென்டைச் சும்மா விடுவதா என்று வீட்டில் பேச்சு வரும். போன ஐப்பசியில் ஆயிரம் நாற்றுக்குக் கொடுத்த காசைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும்.

ஒவ்வொரு பங்குக்குள்ளும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊன்ற வேண்டாம். மூன்றில் இரண்டு பாகம் இன்று, ஒரு பாகம் பதினைந்து நாள் கழித்து. நாற்றும் அப்படியே. முதல் தட்டுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு தட்டு விதைத்து வைத்துக்கொள்ளவும். நட்டது போனால் நர்சரிக்கு ஓட வேண்டாம். மழைக்குப் பிறகு நர்சரிகளில் நாற்றும் இருக்காது, இருந்தால் விலையும் நியாயமாக இருக்காது. இரண்டாம் தட்டு தேவைப்படாமல் போனால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம், நஷ்டம் சில ரூபாய் விதைதான்.

விதையை நட்டுப் பார்ப்பதற்கு முன் நேர்த்தி செய்ய வேண்டும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொள்ளலாம். தட்டை 50 சதவீத நிழல்வலைக்கு அடியிலும், மழை நாளில் கூரை ஓரத்திலும் வைக்கவும். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் நாற்றழுகல் வந்து தண்டு கழுத்தில் மடியும்.

பாத்தியில்தான் அதிக உழைப்பு. மூன்று நான்கு அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. நடுவில் ஓரடி வாய்க்கால். எல்லா வாய்க்காலும் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். எது தாழ்ந்த மூலை என்பது வாசகிக்கு ஃபெஞ்சல் அன்றே தெரிந்திருக்கும், தண்ணீர் கடைசியாக வடிந்த இடம்தான். மழையில்லாத நாளில் அதே வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பாய்ச்சலாம், மழை நாளில் அதே வாய்க்கால் வடிகால். மூலையில் பத்தடிக்குப் பத்தடி, ஐந்தடி ஆழத்தில் குழி எடுத்தால் 14,000 லிட்டர் பிடிக்கும். செம்மண்ணில் அது நிற்காது, கசிந்துவிடும். கசிந்தாலும் நல்லதே, பக்கத்தில்தானே போர். நிறைந்த பிறகு வெளியே போக ஒரு வழி கட்டாயம் வேண்டும், பக்கத்து நிலக்காரரின் வரப்பை உடைக்காத வழியாக.

பாத்திக்கு மேல் மூடாக்கு. நிலக்கடலைத் தோல், வைக்கோல், கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அது, நான்கு விரல் கனத்துக்கு. வெயிலில் இது பாதி தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று பலரும் எழுதுகிறார்கள். மிச்சம் எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. ஆனால் பலரும் எழுதாத ஒன்று உண்டு. தொடர்மழை வரும் என்று தெரிந்தால் மூடாக்கைத் தண்டை ஒட்டி விடக் கூடாது. ஒரு சாண் விலக்கி வட்டமாக ஒதுக்க வேண்டும். ஈர வைக்கோல் தண்டை அணைத்துக் கிடந்தால் அடித்தண்டு அழுகும், நத்தையும் குடியேறும்.

முருங்கை ஒன்றிரண்டு வைக்க ஆசை இருந்தால் மேடான மேற்கு ஓரத்தில் வைக்கவும். சித்திரையில் மாலை வெயிலுக்கு நிழல் தரும். தண்ணீர் தேங்கும் மூலையில் முருங்கையும் பப்பாளியும் கூடாது. பப்பாளி வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே முடிந்தது. அந்த மூலைக்குச் சேம்பு சரியான ஆள்.

மழை நின்ற மறுநாள்

முதலில் தண்ணீரை வெளியேற்றுவது, மற்ற எல்லாம் பிறகு. தக்காளியும் மிளகாயும் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேரில் தண்ணீர் நின்றால் வாடிவிடும். தண்ணீர் இருக்கும்போதே வேர் மூச்சு விட முடியாமல் செடி வாடுகிறது. அதைப் பார்த்துத் தண்ணீர் பற்றவில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஈரப் பாத்தியில் கால் வைக்க வேண்டாம், மண் இறுகிவிடும். கால் ஒட்டாத பதம் வந்ததும் களைக்கொத்தால் மேலாகக் கொத்திக் காற்று புக விடவும்.

இலை மஞ்சளானால் உடனே மண்ணில் உரம் போட்டுப் பயனில்லை, வேர் எடுக்கும் நிலையில் இருக்காது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, அல்லது லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 கலந்து இலையில் தெளிக்கவும். வாடல் தெரிந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தூரில் ஊற்றலாம். இயற்கை முறையில் செய்பவர்கள் டிரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்தில் கலந்து இடலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்வது வீண். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம்தான், காப்பர் அதையும் கொன்றுவிடும்.

செத்த செடியை நான்கு நாள் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடவும். அந்த இடத்தில் சிறுகீரை. 25 நாளில் சந்தைக்குப் போகும். ஒரு பயிரின் இழப்பை ஈடுகட்டாது, ஆனால் கை முழுக்க வறண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும். பேரிடரால் 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர்ச் சேதம் என்றால் அரசு நிவாரணத்துக்குக் கணக்கெடுப்பு நடக்கும். செடியைப் பிடுங்குவதற்கு முன் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் சொல்லி வைக்கவும். பத்து சென்ட்தானே என்று சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

புதுக்கோட்டை மாவட்ட வாசகர்: பீர்க்கு, பாகல் இரண்டிலும் மழை நாட்களில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்கிறது. என்ன மருந்து அடிப்பது?

சுருங்கிய பிஞ்சை நறுக்கிப் பார்க்கவும். உள்ளே புழு இருந்தால் பழ ஈ. உதிர்ந்த பிஞ்சைப் பொறுக்கிக் குழியில் ஆழமாகப் புதைத்து, பழ ஈக்கான கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். புழு இல்லை என்றால் மகரந்தம் சேரவில்லை, மருந்துக்கு வேலையில்லை. தொடர்ந்து தூறும் நாளில் தேனீ வெளியே வராது. ஆண் பூவைப் பறித்து இதழை மடித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. நேரம் முக்கியம். பாகலும் பூசணியும் காலையில் மலரும், பீர்க்கும் சுரையும் மாலையில். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தடவிவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது. அந்த நாட்களில் பூவின் மேல் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம், வரும் ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும்.

தர்மபுரி மாவட்ட வாசகி: மாசி மாதம் ஊன்றிய பந்தல் அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒரு பூ கூட இல்லை. பிடுங்கிவிடலாமா?

பிடுங்க வேண்டாம். நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். எப்போது ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகுதான் பூவைப் பார்க்கலாம், மார்கழியிலும் தையிலும் நிறையக் காய்க்கும். மாசியில் ஊன்றியதால் எட்டு மாதம் கொடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றும்படி ஆகிவிட்டது. இப்போது அடர்ந்த கொடியைப் பாதியாகக் கழித்து ஆட்டுக்குப் போடவும், தழைச்சத்து உரம் எதுவும் இட வேண்டாம். அடுத்த முறை ஆடியில் ஊன்றினால் போதும். வருடம் முழுக்க அவரை வேண்டுமானால் பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரை ரகங்கள் தோட்டக்கலைத் துறை விற்பனை மையங்களில் கிடைக்கும், அவற்றுக்குப் பந்தலும் தேவையில்லை.

(கேள்வி எழுதும் வாசகர்கள் மண் வகை, தண்ணீர் வசதி, விதைத்த அல்லது நட்ட தேதி மூன்றையும் மறக்காமல் குறிப்பிடவும். டப்பா வைத்து மழை அளப்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பலாம்.)